குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது? வீட்டில் இந்தச் சண்டை வந்தால் பேசுவது எப்படி

வியாசர்பாடியில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மாலை நேர டியூஷன் எடுக்கிறேன், பெரும்பாலும் உயிரியல். பரிணாமப் பாடம் நடத்திய மறுநாள் யாராவது ஒரு பிள்ளை வந்து, "சார், நீங்க சொன்னதை வீட்ல போய்ச் சொன்னேன், செம திட்டு" என்று நிற்பது வருஷா வருஷம் நடக்கிற சடங்கு. அந்தப் பிள்ளைகளுக்காகவும், டீக்கடை பெஞ்சில் இதே சண்டையில் மாட்டிக்கொள்கிற பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் சொதப்பிய கதை. பி.எஸ்ஸி முடித்த வருஷம், ஒரு கிறிஸ்துமஸ் மதியம், பெரியம்மா வீட்டில் பிரியாணி. பெரியம்மா புளியந்தோப்புப் பக்கம் ஒரு சபைக்குப் போகிறவர். "ஆண்டவர் ஆறு நாள்ல எல்லாத்தையும் படைச்சார், உங்க புக்குல என்னமோ குரங்குன்னு போட்டிருக்காம்ல?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் அரைமணி நேரம் விடாமல் பேசினேன். புதைபடிவம், டி.என்.ஏ, டார்வின், பெருவெடிப்பு, கடவுள் கிடையாது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பெரியம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று மாதம் என்னோடு பேச்சு இல்லை. அந்த மூன்று மாதத்தில் பரிணாமத்தின் பக்கம் கூடுதலாக ஒரு ஆள்கூட வந்து சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தப்பு என்னவென்று பிறகுதான் புரிந்தது. பெரியம்மா கேட்டது ஒரு கேள்வி, நான் பதில் சொன்னது மூன்று கேள்விக்கு.

எந்தக் கேள்வி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தச் சண்டை எங்கே நடந்தாலும் மூன்று விஷயம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். உயிரே இல்லாத பொருளிலிருந்து முதல் உயிர் எப்படி வந்தது என்பது ஒன்று. வந்த உயிர் எப்படி இத்தனை லட்சம் வகையாகப் பிரிந்தது என்பது இன்னொன்று. இதற்கெல்லாம் பின்னால் ஒருவர் இருக்கிறாரா என்பது மூன்றாவது. பரிணாமம் என்று நாம் சொல்வது இரண்டாவதை மட்டும். டார்வின் 1859இல் போட்ட புத்தகம் முதல் கேள்விக்குள் போகவே இல்லை. 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில்தான், வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டையில் அம்மோனியா, பாஸ்பரஸ் உப்பு, வெளிச்சம், வெப்பம் எல்லாம் சேர்ந்து ஏதாவது உண்டாகியிருந்தால் என்று போகிறபோக்கில் ஒரு ஊகம் சொல்கிறார். அவ்வளவுதான்.

மூன்றுக்கும் நம் கையில் இருக்கிற சரக்கு ஒரே அளவு கிடையாது. இரண்டாவதுக்கு மலைமலையாக ஆதாரம் இருக்கிறது. முதலாவதுக்குப் பாதிப் படம் இருக்கிறது. மூன்றாவது அறிவியல் சோதனைச்சாலையில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. அதனால் எதிரில் இருப்பவர் ஆரம்பித்ததும் பதில் சொல்லாதீர்கள், கேளுங்கள்: "அண்ணே, முதல் உயிர் எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்களா, மனுஷன் எப்படி வந்தான்னு கேக்கறீங்களா?" பாதிப் பேருக்கு இதுவரை யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதே இருக்காது. கொஞ்சம் யோசிப்பார்கள். சண்டை வேறு மாதிரிப் போகும்.

எதிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள்

சாமி கும்பிடுகிறவர் எல்லாம் படைப்புவாதி (உயிர்களைக் கடவுள் அப்படியே தனித்தனியாகப் படைத்தார் என்பவர்) என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் முதல் நிமிஷமே தோல்வி. நம் ஏரியாவில் ஒரே தெருவில் பெந்தகொஸ்தே சபையும் அம்மன் கோயிலும் பள்ளிவாசலும் கறுப்புச் சட்டைக்காரர் வீடும் இருக்கும், ஒவ்வொருவர் நிலையும் வேறு. உலகத்துக்கு ஆறாயிரம் வயசுதான் என்பவர்கள் ஒரு வகை. ஜேம்ஸ் அஷர் என்ற அயர்லாந்துப் பேராயர் 17ஆம் நூற்றாண்டில் பைபிளில் இருக்கிற வம்சக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்து, படைப்பு நடந்தது கி.மு. 4004 அக்டோபர் 23 என்று தேதியே குறித்தார், அந்த வழியில் வந்த கணக்கு இது. ஆறு நாள் என்றால் ஆறு யுகம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு பூமியின் வயதை ஒத்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை. உயிர் இத்தனை சிக்கலாக இருக்கிறது, ஒரு அறிவாளி வடிவமைக்காமல் வந்திருக்காது என்று, கடவுள் பெயரையே எடுக்காமல் பேசுகிறவர்கள் வேறு வகை. ஆதம் நபி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், மற்ற உயிர்கள் மாறி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்கிற பாய்களையும் பார்த்திருக்கிறேன்.

ராயபுரத்தில் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் இன்னும் சுலபம். 1950இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் பரிணாமத்தில் வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மா மட்டும் கடவுள் தருவது என்று எழுதிவிட்டார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், பட்டாணிச் செடியை வைத்து மரபியலைத் தொடங்கிய மெண்டல் ஒரு துறவி. இதையெல்லாம் எதிராளியை மடக்கச் சொல்லாதீர்கள். உங்கள் பக்கத்திலும் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்று சொல்வதற்குத்தான் இது.

நம்மிடம் இன்னொரு பழக்கம் உண்டு. "மச்சம், கூர்மம், வராகம்... தசாவதாரம்தான்டா பரிணாமம், டார்வினுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க சொல்லிட்டாங்க" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவதாரம் என்பது ஒரே கடவுள் தேவைக்கு ஏற்ப எடுக்கிற வடிவம். பரிணாமத்தில் திட்டம் போட்டு வடிவம் எடுக்கிறவர் யாரும் கிடையாது, ஒரு கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற மாற்றம் அது. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" பாடலைக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு ஆன்மா பிறவிகளில் அலைந்த களைப்பைச் சொல்கிற பாட்டு, அதன் அழகு அங்கே இருக்கிறது. அதை உயிரியல் பாடமாக்கினால் பாட்டும் கெடும், பாடமும் கெடும்.

முதல் உயிர்: தெரிந்த வரைக்கும் சொல்லுங்கள், அப்புறம் நிறுத்துங்கள்

இந்த இடத்தில் கண்டிப்பாக வரப்போகிற கேள்வி: "உயிர்ல இருந்துதான் உயிர் வரும்னு லூயி பாஸ்டரே நிரூபிச்சிட்டாரே?" கொஞ்சம் படித்த சபைக்காரர்கள் இதை நன்றாகத் தயார் செய்துகொண்டு வருவார்கள். நல்ல கேள்விதான், தட்டிக்கழிக்காதீர்கள்.

நான் இதைக் கருவாட்டில் இருந்து தொடங்குவேன். காசிமேட்டில் கருவாடு காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சரியாக உப்புப் பிடிக்காத மீனில் ஈரமும் இருந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் புழு நெளியும். எங்கள் ஆயா அதைப் பார்த்து, "தானா வருதுடா, அழுகுனா புழு" என்பார். ஐரோப்பாவிலும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். 1668இல் இத்தாலியில் ரெடி என்பவர் சில ஜாடிகளில் இறைச்சியைத் திறந்து வைத்தார், சிலவற்றைத் துணி கட்டி மூடினார். மூடியதில் புழு வரவில்லை, ஈ முட்டையிட வழி இல்லாததால். இருநூறு வருஷம் கழித்து பாஸ்டர் இதையே கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குச் செய்தார். குடுவையின் கழுத்தை அன்னப்பறவைக் கழுத்து மாதிரி வளைத்து, உள்ளே இருந்த சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று போகலாம், தூசி வளைவில் தங்கிவிடும். சாறு கெடவே இல்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டது.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? இன்றைய காற்றில், ஒரு குடுவைச் சாற்றில், சில வாரத்திலோ மாதத்திலோ முழுக் கிருமி ஒன்று திடீரென்று முளைக்காது. முற்றிலும் உண்மை. ஆக்சிஜனே கிட்டத்தட்ட இல்லாத பூமியில், ஒரு கடல் முழுக்க, கோடிக்கணக்கான வருஷத்தில் வேதியியல் படிப்படியாக எங்கே போயிருக்கும் என்பதை பாஸ்டர் சோதிக்கவில்லை. ஆயாவின் புழுவும் முதல் உயிரும் ஒரே கேள்வி இல்லை. இதைச் சொன்னதும் பெரும்பாலும் ஒரு "ம்ம்" வரும், அது போதும்.

அடுத்து மில்லர் சோதனை. என் மாமா ஒருவர் தீவிர பகுத்தறிவாளர், "1953லயே குடுவைக்குள்ள உயிரை உண்டாக்கிட்டான்டா அமெரிக்காக்காரன்" என்று இன்றுவரை மேடைபோட்டுச் சொல்கிறார். தப்பு மாமா. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், தன் பேராசிரியர் யூரியோடு சேர்ந்து, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குழாய்களுக்குள் சுற்றவிட்டு, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி கொடுத்துக்கொண்டே இருந்தார். முதல் நாளில் தண்ணீர் இளஞ்சிவப்பானது, ஒரு வாரத்தில் அடர்ந்த சிவப்பாகக் கலங்கியது. அதில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் இருந்தன. அமினோ அமிலம் செங்கல், உயிர் வீடு. செங்கல் தானாகவே சூளை போட்டுக்கொள்ளும் என்று காட்டினார், வீட்டை யாரும் காட்டவில்லை.

எதிராளி விவரமானவர் என்றால், "ஆதிக் காற்று அப்படி இருக்கவே இல்லைன்னு விஞ்ஞானிகளே சொல்றாங்களே" என்பார். ஆமாம், சொல்கிறார்கள். கரியமில வாயுவும் நைட்ரஜனும்தான் அதிகம் இருந்திருக்கும் என்று பலர் பின்னால் கருதினார்கள், அப்படிப்பட்ட காற்றில் விளைச்சல் குறைவு. இதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, வானத்தைக் காட்டுங்கள். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கண்டுபிடித்தார்கள். பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா விண்கலம் அள்ளிய மண் 2023இல் பூமிக்கு வந்தது. நம் உடம்பு பயன்படுத்துகிற 20 அமினோ அமிலங்களில் 14ம், டி.என்.ஏ, ஆர்.என்.ஏ இரண்டுக்கும் எழுத்துகள் மாதிரி இருக்கிற ஐந்து காரங்களும் அதில் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆளே இல்லாத கல்லில் இந்தச் செங்கல் உண்டாகிறது என்றால் பூமியில் உண்டாவதில் ஆச்சரியம் இல்லை.

செங்கலுக்கு அடுத்த படி ஆர்.என்.ஏ. புரதம் செய்ய டி.என்.ஏ வேண்டும், டி.என்.ஏ படியெடுக்கப் புரதம் வேண்டும், எது முதலில் வந்தது என்கிற கோழி முட்டைச் சிக்கல் இதில் உண்டு. ஆர்.என்.ஏ தகவலையும் வைத்துக்கொள்ளும், சில நேரம் நொதி மாதிரி வேலையும் செய்யும் என்று செக், ஆல்ட்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டுபிடித்து 1989இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அதனால் முதலில் ஆர்.என்.ஏ உலகம் ஒன்று இருந்திருக்கலாம் என்பது இப்போது வலுவாக இருக்கிற கருத்து. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் ஆரம்பித்தது என்கிறவர்கள் உண்டு, நனைந்து காய்ந்து நனைகிற குட்டையில்தான் என்கிறவர்களும் உண்டு, இவர்களுக்குள்ளேயே நம் தெருச் சண்டையைவிடப் பெரிய சண்டை. (கடலில் ஒரு வெந்நீர் ரசம் மாதிரி இருந்திருக்கும் என்று 1929இல் எழுதிய ஹால்டேன் என்ற விஞ்ஞானி பின்னால் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில்தான் இறந்தார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் காது கொடுப்பார்கள்.)

இந்தச் செங்கலிலிருந்து தன்னைத்தானே படியெடுக்கிற முதல் செல் வரைக்கும் எப்படிப் போனது? யாருக்கும் முழுசாகத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். "தெரியாதுண்ணே, தேடிக்கிட்டு இருக்காங்க" என்று நான் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நான் சொல்கிற மற்றதையும் ஆட்கள் நம்ப ஆரம்பித்தார்கள்.

உடனே, "பாத்தியா, தெரியல இல்ல, அப்ப கடவுள்தான்" என்று வரும். இங்கே நான் அம்மையைப் பற்றிப் பேசுவேன். பெரியம்மை வந்தால் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய தெருக்கள் இவை. அது ஒரு வைரஸ் என்று தெரிந்தது, தடுப்பூசி வந்தது, இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல், உலகத்திலேயே இல்லை என்று 1980இல் அறிவித்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவது நின்றுவிட்டதா? வருஷத்துக்கு வருஷம் அண்டா பெரிசாகிக்கொண்டுதான் போகிறது. தெரியாத இடத்தில் மட்டும் கடவுளை உட்கார வைத்தால், தெரியத் தெரிய அவரை எழுப்பி அனுப்ப வேண்டிவரும். அது பக்தருக்குத்தான் நஷ்டம். இந்த வாதத்தைக் கேட்டு எங்கள் தெரு சபைப் போதகர் ஒருவர், "அது கரெக்ட் பிரதர்" என்று தலையாட்டியிருக்கிறார்.

கேரம் போர்டு வாதம்

"குப்பைமேட்டில் சூறாவளி அடித்தால் விமானம் தானாக உருவாகுமா?" என்பது ஃப்ரெட் ஹாயில் என்ற வானியலாளர் சொல்லிப் பிரபலமானது. கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தினமும் பார்க்கிற நமக்கு இது ரொம்பவே உறைக்கிற உவமை. பதிலுக்கு கேரம் போர்டைக் காட்டுங்கள். ஒரே அடியில் ஒன்பது காயும் பாக்கெட்டில் விழுவது நம் ஏரியா சாம்பியன்களாலும் ஆகாது. ஆனால் விழுந்த காய் விழுந்ததுதான், மீதியை அடுத்த அடியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இயற்கைத் தேர்வு இப்படித்தான், உதவுகிற சின்ன மாற்றம் தங்கிவிடும், அடுத்தது அதன்மேல் வரும். ஒரு எச்சரிக்கை: தன்னைப் படியெடுக்கிற ஏதாவது ஒன்று இருந்தால்தான் இந்த ஆட்டமே தொடங்கும். அந்த முதல் ஒன்று எப்படி வந்தது என்பதற்கு கேரம் போர்டு பதில் இல்லை. எதிராளி அதைக் கேட்டால், நியாயம் என்று சொல்லிவிட்டு முந்தைய "தெரியாது"க்குத் திரும்பிவிடுங்கள்.

பரிணாமம்: இங்கே பின்வாங்க வேண்டியதில்லை

"குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" இந்தியா முழுக்கக் கேட்கிற கேள்வி. குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்று 2018இல் ஒரு மத்திய இணை அமைச்சரே பேசி, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

வியாசர்பாடியில் இதற்குப் பதில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் கிடைக்கும். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி இங்கே குடியேறிய குடும்பங்கள் நிறைய. ஒரு தாத்தாவின் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் கப்பலேறி வந்துவிட்டார், ஒருவர் ரங்கூனிலேயே தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கிற பேரன் சென்னைத் தமிழ் பேசுகிறான், அங்கே இருக்கிற பேரன் பர்மியப் பேச்சு பேசுகிறான். "நீ பர்மாக் குடும்பம்னா பர்மால ஏன் இன்னும் உன் சொந்தக்காரங்க இருக்காங்க?" என்று யாராவது கேட்பார்களா? சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. அறுபது எழுபது லட்சம் வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு பொதுவான மூதாதையிடமிருந்து இரண்டு கிளையும் பிரிந்தன, பிரிந்த பிறகு இரண்டுமே மாறின.

பங்காளி என்பதற்குப் பத்திரம் எங்கே என்றால், பேப்பர் திருத்துகிற எனக்குப் பிடித்த ஆதாரம் ஒன்று உண்டு. இரண்டு பையன்கள் சரியான விடையை ஒரே மாதிரி எழுதினால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் ஒரே தப்பை எழுதியிருந்தால் இருவரும் ஒரே தாளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். நமக்கு எலுமிச்சை, நெல்லிக்காய் எல்லாம் தேவைப்படுகிறது, ஏனென்றால் அதைச் செய்கிற மரபணு நம்மிடம் இருந்தும் வேலை செய்யாமல் கெட்டுப்போய்க் கிடக்கிறது. சிம்பன்சிக்கும் அதே மரபணு கெட்டுக்கிடக்கிறது. புதுசாகத் தனித்தனியே படைத்த இரண்டு உயிருக்கு எதற்கு ஒரே ஓட்டை?

"தியரிதானே சார்" என்பது அடுத்தது. ஐ.டி.ஐ, பாலிடெக்னிக் பிள்ளைகள் நிறைந்த ஊரில் தியரி என்றாலே பிராக்டிகல் செய்யாமல் எழுதுகிற பரீட்சை என்று அர்த்தமாகிவிட்டது. அறிவியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு, பல பிராக்டிகலில் தேறி நிற்கிற விளக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். கிருமியால் நோய் வருகிறது என்பதும் தியரிதான், ஊசி போட்டுக்கொள்ளத்தானே செய்கிறோம்?

பிராக்டிகல் வேண்டும் என்றால் காசநோயைச் சொல்லுங்கள். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை, இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நிறுத்திவிட்டவர் எல்லாத் தெருவிலும் ஒருவராவது இருப்பார். கோடிக்கணக்கான கிருமிகளில், டி.என்.ஏவில் தற்செயலாக ஒரு எழுத்து மாறி மருந்தைத் தாங்குகிற கிருமி ஒன்றிரண்டு இருக்கும். மற்றவை சாகும், சிகிச்சை பாதியில் நின்றால் தாங்கியது பெருகும், அடுத்தமுறை அதே மாத்திரை வேலை செய்யாது. மாற்றம், தேர்வு, பெருக்கம் மூன்றும் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் நடக்கிறது. "கிருமி கிருமியாத்தானே இருக்கு, மீன் ஆகலையே" என்பார்கள். ஒரு வருஷத்தில் ஆகாதுதான்.

அதற்குத்தான் விரால் மீன். "பாதி நுரையீரலை வெச்சிக்கிட்டு என்ன பண்ணும்? பாதி உறுப்பால என்ன பிரயோஜனம்?" என்பது படைப்புவாதிகளின் பலமான கேள்வி, இதற்கு நான் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவேன். கடல் மீன் பலகையில் செத்துத்தான் கிடக்கும், ஏரி மீன் விற்கிற அம்மாவின் அலுமினிய அண்டாவில் இரண்டு விரல் தண்ணீரில் விரால் உயிரோடு நெளியும், எகிறிக் குதிக்காமல் இருக்க மேலே வலை போட்டிருப்பார். இரண்டு நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து காற்றை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே போகும். செவுளுக்கு மேலே அதற்கு ஒரு சின்ன அறை இருக்கிறது, அங்கே அந்தக் காற்றை வைத்துக்கொள்ளும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும், அப்படி ஒரு மீன். விரால் நமக்கு மூதாதை இல்லை, அதன் அறை நம் நுரையீரலும் இல்லை, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் முழு நுரையீரல் இல்லாமலே கொஞ்சம் காற்றுக் குடிக்கத் தெரிந்தால், வற்றிப்போன ஏரியில் பிழைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அந்த அண்டாவே போதும்.

நிஜமாகவே கரைக்கு வந்த கிளைக்கு நெருங்கிய மீன் வேண்டுமென்றால் டிக்டாலிக் என்ற புதைபடிவம். 37.5 கோடி வருஷத்துப் பாறை எங்கே வெளியே தெரிகிறதோ அங்கேதான் பாதி மீன் பாதி நாற்கால் விலங்கு கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கனடாவின் வடகோடித் தீவில் வருஷக்கணக்கில் தோண்டி, 2004இல் எடுத்தார்கள். துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு எலும்பு, தலையைத் திருப்பக் கழுத்து. இங்கே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்ததுதான் இதில் முக்கியம்.

பூமியின் வயது பற்றி ஒரே வரி. பாறைக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து சொல்கிற கணக்கு அது, பூமிக்கு 454 கோடி வருஷம். பரங்கிமலைக்கு வேண்டுதலுக்கு ஏறுகிறவர்கள் மிதிக்கிற பாறைக்கே ஏறத்தாழ 250 கோடி.

பள்ளியில் இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

நியாயமாகத் தெரியும், அதனால்தான் ஆபத்து. அமெரிக்காவில் இந்த வழக்கு நூறு வருஷமாக நடக்கிறது. 1925இல் டென்னசியில் பரிணாமம் சொல்லிக்கொடுத்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். 1987இல் உச்ச நீதிமன்றம், படைப்பையும் சேர்த்து நடத்து என்ற லூசியானா சட்டத்தை ரத்து செய்தது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவரில், அறிவாளி ஒருவர் வடிவமைத்தார் என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' அறிவியலே இல்லை என்று தீர்ப்பு சொன்ன நீதிபதி ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமித்தவர். நம் ஊரில் நேர்மாறாக, 2023இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையே எடுத்தது, 1,800க்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

வாதத்தில் இத்தனை வழக்கையும் சொல்லத் தேவையில்லை. ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்க கருத்து தப்புன்னு காட்ட என்ன கிடைச்சா ஒத்துப்பீங்க?" டைனோசருக்கும் கோடிக்கணக்கான வருஷம் முந்தைய பாறையில் ஒரு முயல் எலும்பு கிடைத்தால் பரிணாமம் ஆட்டம் கண்டுவிடும், நான் ஒத்துக்கொள்வேன். எதிரில் இருப்பவர் "எது கெடச்சாலும் மாத்திக்க மாட்டேன்" என்றால் அது விசுவாசம். அதற்கு வீட்டிலும் கோயிலிலும் சபையிலும் இடம் உண்டு, அறிவியல் வகுப்பில் இல்லை. இதைக் கோபமில்லாமல் சொல்லிப் பழகுங்கள், எனக்கே இன்னும் சரியாக வரவில்லை.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் இதைத் தொடங்காதீர்கள், நூற்றைம்பது பேர் பார்க்க யாரும் தோற்க மாட்டார்கள். சாவு வீட்டில், பிரார்த்தனை முடிந்த உடனே, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வேண்டாம் (அனுபவம்). பிள்ளைகளுக்கு: பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள், வீட்டில் அம்மாவிடம் ஜெயிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குரல் ஏற ஆரம்பித்தால் டீ சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் பேச்சை விட்டுவிட்டு எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள். நான் பெரியம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன், சமாதானம் ஆகிப் பல வருஷம் கழித்து. அங்கே கூரைக்குக் கீழே நீளமாக ஒரு திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. நான் துடுப்புக்குள் இருக்கிற எலும்புகளைக் காட்டி, கை, மணிக்கட்டு, விரல், நம்ம கை மாதிரியே இருக்கு பாருங்க பெரியம்மா என்றேன். ரொம்ப நேரம் தன் கையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "பைபிள்ல யோனாவ முழுங்குச்சே, இதானாடா அது?" என்றார். இதுவாக்கூட இருக்கலாம் பெரியம்மா என்றேன். "ஆண்டவர் ஒரே அச்சுல நெறைய போட்டுட்டார் போல" என்றார். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தோம்.

வெள்ளிக்கிழமை மியூசியம் மூடியிருக்கும், அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.